டேப்லெட்டுக்கு உடம்பு போட்டுவிட்டது

1

இந்தக் கதை ஒரு சட்டைப் பொத்தானில் தொடங்கியது. அதைத் தைத்துக்கொண்டே தலையைத் தூக்கியபோது, நான் தையல் பழகும் கடையின் யாய்ரா மேடம் தன் டேப்லெட்டைக் கன்னத்தில் வைத்து, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்குக் கண்ணு மங்கிப்போச்சு" என்றாள்.

இதைக் கதையாக எழுதவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. எழுதவே கூடாது என்றும் உடனே தோன்றியது. இரண்டாவதாகத் தோன்றியதுதான் புத்தியுள்ளது. ஆனால் அது தாமதமாக வந்தது.

ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன். எங்கள் பள்ளியில் கட்டுரை எழுதுவதை மூன்றாகப் பிரித்துச் சொல்லித்தருவார்கள். முதல் பருவத்தில் முன்னுரை, அடுத்த பருவத்தில் நடுப்பகுதி, கடைசிப் பருவத்தில் முடிவுரை. கடைசிப் பருவத்துக்கு நான் போகவில்லை. அதனால் கடைசிப் பக்கம் வந்ததும் என்னைத் திட்டக்கூடாது.

முன்னுரை நன்றாக வரும். பாருங்கள்:

ஹோ நகரின் மேல் மாலை மெல்ல மங்கிக்கொண்டிருந்தது, ஒரு டேப்லெட்டின் திரையைப் போல

(அடித்துவிட்டேன். கதை நடப்பது பட்டப்பகலில்.)

சந்தைக்குப் பின்னால், யாரும் அறியாத ஒரு துயரத்தை நெஞ்சில் சுமந்தபடி ஒரு தையல்காரி

(யாரும் அறியாததா? மீன் விற்பவர்கள் வரை சொல்லியாகிவிட்டது.)

முன்னொரு காலத்தில் ஒரு டேப்லெட்

(போன வாரம்தான்.)

சரி, நேராகவே சொல்கிறேன்.

2

யாய்ரா மேடம் வாழ்க்கையில் ஒருமுறைகூடத் தப்பாக அளவெடுத்ததில்லை. இதை அவளே சொல்லியிருக்கிறாள். அவள் தைத்த ரவிக்கை உங்களுக்கு இறுக்கினால் அவள் ரவிக்கையைப் பார்க்கமாட்டாள், உங்களைப் பார்ப்பாள்.

"உடம்பு போட்டிருக்கே. துணி என்ன பண்ணும் பாவம்?"

தளர்ந்திருந்தால், "என்ன இப்படி எளைச்சுட்டே? வீட்டுல ஏதாவது பிரச்சனையா?" என்பாள்.

ஒருமுறை ஒரு பாதிரியாரின் அங்கி ஒரு பக்கம் நீண்டும் ஒரு பக்கம் குறைந்தும் வந்தது. "ஃபாதர், நீங்க ஒரு பக்கமாவே நின்னு ஜெபம் பண்றீங்க" என்றாள். அவர் அன்றிலிருந்து நேராக நிற்கப் பழகிக்கொண்டிருக்கிறார்.

அவள் கடையில் ரவிக்கை மாதிரிகள் எல்லாம் முன்பு சுவரில் பெரிய நாட்காட்டித் தாள்களாகத் தொங்கும். இப்போது அவ்வளவும் டேப்லெட்டில். வாடிக்கையாளர் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்து, "இந்தக் கழுத்து, அந்தக் கை" என்று சொன்னால் போதும்.

ஜனவரி மாதம். பாலைவனத்திலிருந்து ஹர்மத்தான் காற்று வீசி ஊர் முழுக்க மாவு சலித்ததுபோல் தூசி. டேப்லெட்டுக்குத் தூசி படக்கூடாது என்று மேடம் ஓர் உறை தைத்தாள். ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் கூட்டமாக எடுத்த நீலத்துணியில் மிஞ்சிய துண்டு. உள்ளே மெத்தை வைத்து, நாலு பக்கமும் வெள்ளை லேஸ் சுருக்கி, திரை தெரிய நடுவில் ஜன்னல் விட்டு. அழகு என்றால் அழகு. சட்டை போட்ட டேப்லெட் இந்த ஊரில் அது ஒன்றுதான்.

உறை வந்த அன்றே டேப்லெட்டின் கண் மங்கியது.

(இந்த இடத்தில் நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள், இல்லையா? தெரியும். இது மர்மக்கதை இல்லை. காரணம் தெரிவது சுலபம். அதை யார் வாயைத் திறந்து சொல்வது என்பதுதான் கதை.)

சனிக்கிழமை தேவாலயப் பாடகர் குழு வருவதாக இருந்தது. நாற்பது பெண்கள், ஆண்டு விழாவுக்கு ஒரே மாதிரி உடை. மேடம் காட்டும் மாதிரிகள் கண்ணுக்குத் தெரியாவிட்டால் எதிர்க்கடை மெர்சியிடம் போய்விடுவார்கள். மெர்சி சுவரில் கதவு அளவுக்கு ஒரு டிவி மாட்டியிருக்கிறாள். நாற்பது பேரின் வேலை போனால் மேடத்துக்கு அந்த வருடமே போனமாதிரி.

3

செலோர்ம் வரவேண்டிய இடம் இது. சந்தை முனையில் பெரிய குடைக்குக் கீழே மேசை போட்டு, கைபேசிகளைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன். இவனை எனக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. முதல் வரைவில் உயரமானவனாக எழுதினேன். குடை தலையில் இடித்தது. இரண்டாம் வரைவில் புத்திசாலியாக எழுதினேன். கதை அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. இப்போது நடுத்தர உயரம், நடுத்தரப் புத்தி.

அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கல்யாணம். அதற்கான சட்டை யாய்ரா மேடத்திடம் இருந்தது. ஒரு கை தைத்தாகிவிட்டது.

திங்களன்று மேடம் அவன் மேசைக்கு வந்தாள். டேப்லெட்டைக் கொடுப்பதற்கு முன் உறையைத் தானே கழற்றினாள். நான்காக மடித்தாள். கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"உன் எண்ணெய்க் கை அதுல படக்கூடாது. இந்தா, பாரு."

செலோர்ம் அழுத்தினான். திரை பளீரென்று எரிந்தது. அவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டான்.

"நல்லாத்தானே இருக்குக்கா?"

"இப்ப நல்லாத்தான் இருக்கும். உன்னைப் பாத்து நடிக்குது."

சும்மா திருப்பிக் கொடுத்தால் தொழிலுக்கு மரியாதை இல்லை என்று அவன் நினைத்தான். அதனால் துணியால் துடைத்தான். ஒரு ஓரத்தில் ஊதினான். காதில் வைத்துக் கேட்டான். (ஏன் காதில் வைத்தான் என்று எனக்குத் தெரியவில்லை. நான் எழுதவில்லை, அவனாகவே வைத்தான்.)

"தூசிதான். எடுத்துட்டேன்."

மேடம் கடைக்கு வந்து டேப்லெட்டுக்குச் சட்டை மாட்டினாள். கண் மங்கியது.

செவ்வாயன்று மறுபடி போனாள். மறுபடி கழற்றி, மடித்து, ஜிப். பளீர். புதனன்றும் அதே. அதற்குள் சந்தையில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். தக்காளி விற்பவள், இரவில் அதைத் தனியாகப் படுக்க வைக்கவேண்டாம் என்றாள். அபோலோ என்னும் சோள அப்பமும் பொரித்த மீனும் விற்கும் அக்பெக்கோ அம்மா, அவர்தான் பாடகர் குழுத் தலைவி, வேறு காரணம் கண்டுபிடித்தார்.

"அதுல நீ என்னென்ன கழுத்து வச்சிருக்கே யாய்ரா? தொப்புள் வரைக்கும் இறங்கற கழுத்து. அது வெக்கத்துல கண்ணை மூடிக்குது."

"எல்லாம் இப்ப எல்லாரும் போடற மாதிரிதாம்மா."

"நீ போடுவியா?"

"எனக்குச் சளி பிடிக்கும்."

4

(இந்தப் பகுதியில் செலோர்ம் தன் குழந்தைப் பருவத்தை நினைத்துப்பார்ப்பதாக எழுதியிருந்தேன். டேப்லெட்டோடு சம்பந்தமில்லை. அவன் குழந்தைப் பருவம் நன்றாகவே இருந்தது. விட்டுவிடுவோம்.)

5

வியாழக்கிழமை செலோர்ம் தானே கடைக்கு வந்தான். ஊரில் அவன் பேரைச் சொல்லிச் சிரிக்க ஆரம்பித்திருந்தார்கள். அதோடு சட்டையின் இரண்டாவது கையையும் விசாரிக்கவேண்டும்.

மேசையில் டேப்லெட் நீலச்சட்டை போட்டுக்கொண்டு சாய்ந்திருந்தது. அவன் அதைச் சட்டையோடு பார்ப்பது அதுதான் முதல் தடவை. திரையில் ஒரு பெண் நிழல் மாதிரி நின்றாள். அவள் உடுத்தியது கவுனா கோணிப்பையா என்று சொல்லமுடியாது.

அவன் குனிந்தான். மேல் ஓரத்தில் லேஸ் சுருக்கம் அரை விரல் கீழே தொங்கி, ஒரு சின்னக் கரும்புள்ளியை மூடியிருந்தது. வெளிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று டேப்லெட் பார்க்கும் புள்ளி அது. லேஸை ஒரு விரலால் தூக்கினான். பளீர். விட்டான். இருட்டு. மறுபடி தூக்கினான். கவுன்தான். விட்டான். கோணிப்பை.

டேப்லெட் முகத்தில் முக்காடு போட்டுக்கொண்டு, ராத்திரி ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தது.

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் பொத்தானைப் பார்த்தேன்.

* வெளிச்சத்துக்கேற்பத் திரையைக் கூட்டிக் குறைக்கும் அந்தத் தானியங்கி ஏற்பாட்டையே அணைத்துவிட்டால் போதாதா என்று கேட்கும் வாசகருக்கு: அணைத்தான். மேடம் பின்னாலேயே வந்து மறுபடி போட்டுவிட்டாள். "தானா வேலை செய்யணும்னுதானே காசு குடுத்து வாங்கினேன்? அதை அணைச்சுட்டா அப்புறம் நான்தான் வேலை செய்யணும்" என்றாள். நீங்கள் தொழில்நுட்பம் தெரிந்தவர் என்று எனக்குப் புரிகிறது. மேடத்தைத் தெரிந்தவர் இல்லை.

ஆக, மிச்சம் இருந்தது உறைதான். உறை பெரிதாகிவிட்டது என்று சொல்லவேண்டும். அதாவது, அளவு தப்பு என்று சொல்லவேண்டும்.

"அக்கா" என்றான் செலோர்ம். "இந்த உறை..."

"உறைக்கென்ன?"

"அழகா இருக்கு."

"அளவெடுத்துத் தெச்சது."

"அதான் பாத்தேன். அளவு..."

மேடம் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே நிமிர்ந்தாள். சுவரில் ஆணியில் அவன் சட்டை ஒற்றைக் கையோடு தொங்கியது. மேடம் அதைப் பார்க்கவில்லை. அவன்தான் பார்த்தான்.

"அளவு பிரமாதம்க்கா."

6

சனிக்கிழமை. பாடகர் குழு வருகிற நேரம்.

செலோர்ம் முந்தின நாள் முழுக்க யோசித்து ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்திருந்தான். (நடுத்தரப் புத்தி என்று எழுதியதைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள்.) மேடத்தின் வார்த்தையையே மேடத்திடம் திருப்பிக் கொடுப்பது.

"அக்கா, கண்டுபிடிச்சிட்டேன். உங்க மேல தப்பே இல்லை. டேப்லெட்டுக்கு உடம்பு போட்டிருக்கு."

மேடம் இயந்திரத்தின் மிதியை நிறுத்தினாள்.

"என்னது?"

"உடம்பு போட்டிருக்கு. அதான் உறை ஏறி இறங்கி ஒரு பக்கமா நிக்குது. மேல லேஸை மட்டும் லேசா..."

"டேய். மெஷினுக்கு எங்கேடா உடம்பு போடும்? அது அக்ப்லே களி திங்குதா, வெண்டைக்காய்க் குழம்பு குடிக்குதா? என்னைப் பைத்தியக்காரின்னு நெனச்சியா?"

"இல்லைக்கா, ஒருவேளை எளைச்சிருக்கலாம்..."

"மெஷினுக்கு உடம்பு போடாது, எளைக்காது. என்னைக்கும் அதே அளவுதான்."

சொல்லிவிட்டு அவளே நின்றாள். மெஷின் என்றைக்கும் அதே அளவு. உறையோ சரியாக உட்காரவில்லை. அப்படியானால்... அவள் கை கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைப் பிடித்தது. நான் பார்த்தேன். அந்த நினைப்பு அவள் நெற்றி வரைக்கும் வந்துவிட்டது. கதவைத் தட்டியது. மேடம் திறக்கவில்லை.

"உனக்குத் தூக்கம் போதலை, செலோர்ம். அதான் இப்படிப் பேசறே."

அப்போது வாசலில் சிரிப்புச் சத்தம். அக்பெக்கோ அம்மாவும் அவருக்குப் பின்னால் பெண்களும். கடைக்குள் கொள்ளவில்லை, பாதிப்பேர் தெருவில் நின்றார்கள். எதிரே மெர்சியின் டிவியில் ஒரு கவுன் சூரியன் மாதிரி எரிந்துகொண்டிருந்தது.

மேடம் டேப்லெட்டை நீலச்சட்டையோடு எடுத்து, நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக் காட்டினாள். அக்பெக்கோ அம்மா கண்ணாடியைத் துடைத்தார். குனிந்தார்.

"யாய்ரா, இதுல நான் தெரியறேன். ரவிக்கை எங்கே?"

இங்கே நிறுத்திவிட்டேன். எல்லோரும் அப்படியே நிற்கிறார்கள்.

7

முடிவுகள் சிலவற்றை எழுதிப்பார்த்தேன்.

அ. அக்பெக்கோ அம்மாவின் தொப்பி லேஸில் மாட்டி, லேஸ் தானாகத் தூக்கிக்கொள்கிறது. பளீர். எல்லோரும் கைதட்டுகிறார்கள். (அவர் தொப்பி போடுபவரே இல்லை. இதற்காக நான்தான் போட்டுவிட்டேன்.)

ஆ. இருட்டிலேயே ஒரு மாதிரியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆண்டு விழாவன்று நாற்பது பேரும் கோணிப்பையில் வந்து நிற்கிறார்கள். மேடம் சொல்கிறாள்: "எல்லாரும் ஒரே நேரத்துல எளைச்சுட்டீங்களே." (பிடித்திருக்கிறது. ஆனால் பாவம்.)

இ. மூலையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த பெண் எழுந்து, தெளிவான குரலில், "மேடம், உறை அரை விரல் பெரி

(அடித்துவிட்டேன். நம்பும்படியாக இல்லை. அந்தப் பெண் அந்தக் கடையில் இதுவரை பேசியது "சரி மேடம்" மட்டும்தான். பாத்திரம் ஒரே பக்கத்தில் இப்படி மாறக்கூடாது.)

8

யாராவது சொல்லித்தான் ஆகவேண்டும். ஆனால் யார்? செலோர்முக்கு நாளைக்கு அண்ணன் கல்யாணம், சட்டையில் ஒரு கை பாக்கி. அக்பெக்கோ அம்மாவின் ஞாயிற்றுக்கிழமை உடை கழுத்தில்லாமல் மேடத்தின் அலமாரியில் கிடக்கிறது. பின்னால் நிற்கும் பெண்களில் ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒன்று அங்கே அரைகுறையாக இருக்கிறது. பாதிரியாரைக் கூப்பிடலாம் என்றால் அவர் இன்னும் நேராக நிற்கப் பழகிக்கொண்டிருக்கிறார். மெர்சி சொல்லமாட்டாள். அவளுக்கு டிவி இருக்கிறது. இந்த ஊரில் யாய்ரா மேடத்திடம் துணி கொடுக்காதவர் யாருமில்லை.

நீங்கள் ஒருவர்தான் பாக்கி.

உங்கள் சட்டை அவளிடம் இல்லை. உங்கள் அளவு அவளுக்குத் தெரியாது. நீங்கள் சொல்லிவிட்டுப் போய்விடலாம்.

உள்ளே வாருங்கள். அந்தப் பெண்களைத் தாண்டி வரலாம், அவர்கள் அசையாமல்தான் நிற்கிறார்கள். வந்ததும் விஷயத்துக்குப் போய்விடாதீர்கள். முதலில் வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேளுங்கள். அப்புறம் தூசியைப் பற்றி ஏதாவது பேசுங்கள். அப்புறம் உறையின் நிறம் நன்றாக இருக்கிறது என்று சொல்லுங்கள், அது பொய்யும் இல்லை. அதன் பிறகு, மேல் லேஸ், அரை விரல். அவ்வளவுதான் சொல்லவேண்டியது.

அவள் லேஸைப் பார்க்கமாட்டாள். தலையிலிருந்து கால்வரை உங்களைப் பார்ப்பாள். இடுப்பில் கொஞ்சம் அதிக நேரம் நிற்பாள். உங்களுக்கு உடம்பு போட்டிருக்கிறது என்று சொன்னாலும் சொல்லலாம். பொறுத்துக்கொள்ளுங்கள். நாற்பது பேர் காத்திருக்கிறார்கள்.

கத்தரிக்கோல் என் மடியில் இருக்கிறது. அவள் கை நீட்டினால் எடுத்துக் கொடுப்பதற்கு, பிடியை அவள் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டேன்.

என்னால் முடிந்தது இவ்வளவுதான். பேசுங்கள்.