விஷ்ணுகிராந்தியும் மரத்துப்போன விரல்களும்

பராசரனுக்குக் கண் இரண்டும் வீண் என்று திருச்சி பாலக்கரையில் ஒரு பேச்சு உண்டு. குறையாகச் சொன்னதில்லை, புகழ்ந்து சொன்னது. முப்பத்திரண்டு வருஷம் கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். காய்ந்த மூலிகை எதைக் கொடுத்தாலும் கண்ணை மூடிக்கொள்வார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு உருட்டு. பேர், குலம், கோத்திரம், எந்த ஊர் வெயிலில் காய்ந்தது என்பதுவரை சொல்லிவிடுவார். ஒருமுறை மூட்டையைப் பிரிக்காமல் சாக்கை மட்டும் தடவிச் சொன்னாராம். மூட்டையை இறக்கின லாரியின் நம்பரையும் சேர்த்துச் சொன்னார் என்று சத்தியம் செய்ய அந்தத் தெருவில் நாலு பேர் இருக்கிறார்கள்.

சகாயநாதனின் நாட்டு மருந்துக் கடையில் செவ்வாயும் சனியும் அவருக்கென்று ஒரு நாற்காலி. வரும் மூட்டை ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பிடி அவர் முன்னால் வரும். அவர் "சரி" என்றால் மூட்டை உள்ளே போகும். "இல்லை" என்றால் அந்த மூட்டையைத் தெருவில் வேறு எந்தக் கடைக்காரரும் திரும்பிப் பார்க்கமாட்டார். காவிரியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத வருஷத்தில்கூட பராசரனின் வாக்குக்குப் பஞ்சம் வந்ததில்லை.

வந்தது இந்த வருஷம்தான். ஏழு மாதமாக அவர் விரல் பத்தும் மரத்துக் கிடந்தன.

சர்க்கரையின் வேலை. முதலில் நுனி போனது, பிறகு கணுக்கணுவாக உள்ளே போனது. டாக்டர், "கை கால் மரமரப்பு உண்டா சார்?" என்று கேட்டதற்கு, "அதெல்லாம் இல்லை, கை கால் பேஷா இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தார். மனைவி வேதவதியிடமும் மூச்சு விடவில்லை. கடையில் எப்படிச் சமாளித்தார் என்றால், மூட்டை கொண்டுவந்தவரின் முகத்தை முதலில் பார்த்துக்கொள்வார். பிறகு கண்ணை மூடி, வழக்கம்போல் உருட்டி, பழகின முகமென்றால் "சரி". அவ்வளவுதான் சாஸ்திரம்.

விரலோடு நிற்கவில்லை என்பதுதான் விசேஷம். மரமரப்பு மணிக்கட்டைத் தாண்டி நெஞ்சுக்குள்ளேயும் குடியேறிவிட்டதோ என்று அவருக்கே சந்தேகம். பெருமாள் சேவைக்குப் போனால் ரேஷன் வரிசையில் நிற்கிறவர்போல நின்றார். பேத்தி வீடியோவில் ஆடிக் காட்டினாள், பார்த்தார், முடிந்ததும் போனை வைத்தார்.

"ஏன்னா, ரசம் எப்படி இருக்கு?" என்று கேட்டாள் வேதவதி.

"நன்னா இருக்கு."

"இன்னிக்கு நான் ரசமே பண்ணலை. நீங்க சாப்பிடறது மோர்."

"மோரும் நன்னாத்தான் இருக்கு."

இந்த நிலைமையில்தான், கார்த்திகை மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், பச்சைமலையிலிருந்து செல்லக்கிளி வந்தாள்.

செல்லக்கிளிக்கு நாற்பத்தைந்து வயது. மலையில் அவளோடு பதினொரு பெண்கள் மழைக்குப் பிறகு மூலிகை எடுப்பார்கள். பஸ் ஏறிக் கடைக்குக் கொண்டுவருவது இவள் பொறுப்பு. இந்த முறை விஷ்ணுகிராந்தி, மூன்று மூட்டை. தரையோடு தரையாகப் படர்கிற சின்னச் செடி அது. நூல் மாதிரித் தண்டு, ஊதினால் பறக்கிற இலை, சுண்டைக்காயில் பாதிகூட இல்லாத நீலப்பூ. பூ காலையில் விரியும், மத்தியானம் மூடிக்கொள்ளும். காய்ந்தால் நீலமும் போய்விடும். மிஞ்சுவது இலையிலும் தண்டிலும் இருக்கிற பட்டு ரோமம்தான். பராசரன் விரல் அந்தப் பட்டைத்தான் இத்தனை வருஷம் படித்துக்கொண்டிருந்தது.

அவள் மூட்டையை அவிழ்க்கிற நேரத்துக்கு டீ வந்தது. அடுப்பிலிருந்து நேராக ஓடிவந்த டீ. கண்ணாடி கிளாஸை டீக்கடைக்காரரே கழுத்தோரம் இரண்டு விரலால் தொங்கவிட்டுப் பிடித்திருந்தார். பராசரன் அதை உள்ளங்கை நிறையப் பொத்தி வாங்கினார். அப்படியே வைத்துக்கொண்டு மழையைப் பற்றிப் பேசினார்.

செல்லக்கிளி கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், மறுபடி கையைப் பார்த்தாள்.

"சார், அது கொதிக்குதே. உங்களுக்குத் தெரியலையா?"

கடையில் ஆறு பேர் இருந்தார்கள். பராசரனுக்கு அறுநூறு பேர் இருந்த மாதிரி இருந்தது.

"பழக்கம்மா" என்றார், கிளாஸைக் கீழே வைத்து.

"என்னாத்த பழக்கம்? கை செவந்து போச்சு பாருங்க. இந்தக் கையிலயா எங்க எலையைத் தடவிப் பாக்கப் போறீங்க? இன்னிக்கி ஒரு நாளைக்குக் கண்ணைத் தொறந்து பாருங்க சார். கண்ணுக்கும் ஒரு வேலை கெடைக்கும்."

சகாயநாதன் சிரித்துவிட்டார். மற்ற ஐந்து பேரும் சிரித்தார்கள்.

பராசரன் கண்ணை மூடினார். அவள் கொடுத்த பிடியை உருட்டினார். விரலுக்கு நடுவில் பட்டும் இல்லை, பருத்தியும் இல்லை, காற்றுக்கூட இல்லை. இவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது மட்டும் தெரிந்தது.

"இல்லை" என்றார்.

"என்னா இல்லை?"

"இது விஷ்ணுகிராந்தி இல்லை. பட்டு இல்லை இதுல."

செல்லக்கிளி மூட்டையைக் கட்டினாள். அடுத்ததாக பிரவீன்ராஜ் என்கிற பழகின ஏஜெண்ட் பளபளவென்று பாக்கெட் போட்ட சரக்கோடு நின்றான். பராசரன் அதை உருட்டி, "சரி" என்றார். அதுவும் விஷ்ணுகிராந்தி என்றுதான் வந்திருந்தது.

மலைப் பெண் அந்தத் தெருவின் ஒன்பது கடையிலும் ஏறி இறங்கினாள் என்று சகாயநாதன் பிறகு போனில் சொன்னார். "சார் வேணாம்னு சொன்னதை எவன் சார் தொடுவான்? அவளோட மத்த சரக்கையும் இனிமே பாக்கமாட்டேன்னுட்டானுங்க. கலப்படக்காரின்னு பேராயிடுச்சு."

"அப்படியா" என்றார் பராசரன்.

போனை வைத்துவிட்டு வருத்தம் வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. ஊஞ்சலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் காத்திருந்தார். அப்போதும் வரவில்லை.

ஆனால் சட்டைப்பையில் அவள் சரக்கிலிருந்து வேரும் காயுமாக ஒரு குச்சி ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. இன்னொரு பையில் பாக்கெட்காரன் சரக்கில் ஒரு துணுக்கு. இரண்டையும் மேஜைமேல் வைத்துப் பழைய லென்ஸை எடுத்தார். செல்லக்கிளியின் குச்சியில் இலையின் இரண்டு பக்கமும் வெள்ளி மாதிரிப் பட்டு ரோமம் படிந்து கிடந்தது. வேர் கட்டை பாய்ந்த வேர், பல வருஷம் இருந்த இடத்திலேயே இருந்து பிழைத்த வேர். காய் நாலாக வெடித்திருந்தது. பாக்கெட் சரக்கோ வட்ட இலை. கணுவுக்குக் கணு வேர்விட்டு ஊர்ந்த தண்டு. ஒரே குடும்பம்தான், ஆனால் வெள்ளைப் பூப் பூக்கிற வேறு செடி. தண்ணீர் ஊற்றி வளர்த்த புல்தரையில் கேட்காமல் வந்து குடியிருக்கும். கண்ணைத் திறந்திருந்தால் முதல் வருஷ மாணவன்கூடச் சொல்லியிருப்பான்.

ஆக, அவள் சரக்கு அசல். அதைச் சொல்ல வேண்டுமென்றால் விரல் போனதையும் சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில் யோக்கியமான மனிதர் கடைக்கு ஓடியிருப்பார். பராசரன் மலைக்குக் கிளம்பினார். ஒரு குச்சி அசலாக இருக்கலாம், மூட்டை முழுக்க அப்படி இருக்குமா? அவள் எடுக்கிற இடத்தையே பார்த்துவிட்டால், அங்கே வேறு செடி எதாவது கலந்து முளைத்திருந்தால், அன்றைக்குச் சொன்ன "இல்லை" கொஞ்சமாவது நியாயமாகிவிடாதா? படித்த மனிதர்கள் இப்படித்தான் பஸ் டிக்கெட் எடுக்கிறார்கள்.

"மலைக்கா? நீங்களா?" என்றாள் வேதவதி. "கோயில் வாசல் படி ஏற ரெண்டு பேர் வேணும் உங்களுக்கு."

"பஸ்தானே ஏறப்போறது."

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் முதல் பஸ், துறையூரில் அடுத்த பஸ். மலை பஸ் ஒவ்வொரு வளைவிலும் நின்று யோசித்துவிட்டுத்தான் திரும்பியது. அதற்குள் ஒரு குழந்தை பிறந்து, பேர் வைத்து, பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடலாம் போலிருந்தது. மேலே இறங்கியபோது ஒன்பது மணி.

செல்லக்கிளி மரவள்ளிக் காட்டு வரப்பில் நின்றிருந்தாள். அவரைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

"இல்லாத செடியைப் பாக்கவா இம்மாந்தூரம் வந்தீங்க?"

"எங்கே எடுத்தேன்னு காட்டும்மா."

"காட்டுறேன். ஒளிச்சு வெக்க அது என்ன பொதையலா?"

வரப்பைத் தாண்டி ஒரு சரிவு. சரளைக்கல், கொஞ்சம் புல், நிழல் என்று ஒன்றும் இல்லை. அந்தச் சரிவு முழுக்க நீலம். ஆகாயத்திலிருந்து யாரோ ஒரு குடம் சாயத்தைக் கவிழ்த்து, அது கல்லுக்குக் கல் தெறித்த மாதிரி, லட்சம் பூ. எண்ணிப் பார்க்கவில்லை, லட்சத்துக்குக் குறையாது. எருப் போட்ட காட்டுக்குள்ளே ஒன்றுகூட இல்லை. வரப்பில் கோடு கிழித்த மாதிரி நின்றுவிட்டது.

"சோறு போட்ட மண்ணுல வராது சார், காஞ்ச மண்ணுதான் வேணும். மரம் வெச்சா செத்துரும், அதனால இந்தச் சரிவுல நாங்க மரம் வெக்கிறதில்லை. மூணு செடிக்கு ஒண்ணுதான் எடுப்போம், அதுவும் காய் வெடிச்ச பொறவு. பாக்கி ரெண்டும் அடுத்த மழைக்கு வேருலேருந்து கெளம்பும்." அவள் குரலில் கோபம்கூட இல்லை. "இதுல எது சார் கலப்படம்?"

பராசரன் மண்டியிட்டார். கையை ஊன்றி, லென்ஸை வைத்துச் செடி செடியாகப் பார்த்தார். பூவுக்குள் இரண்டு சூல்தண்டு, ஒவ்வொன்றும் நுனியில் இரண்டாகப் பிளந்து. ஐம்பது செடி பார்த்தார். ஐம்பதும் அதுவே. அவர் தேடிவந்த ஒரு தப்புச் செடி அங்கே முளைத்திருக்கவில்லை. முப்பத்திரண்டு வருஷம் இந்தப் பூவைப் பற்றிப் பேசியவர், இத்தனை பூவை ஒரே இடத்தில் பார்த்ததில்லை. அழகாக இருக்கிறது என்று மூளை சொன்னது. அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை.

"சார், கையை எடுங்க" என்றாள் செல்லக்கிளி. எடுத்துப் பார்த்தார். உள்ளங்கையில் மூன்று நெருஞ்சி முள், ஒன்றிலிருந்து ரத்தம். அவள் பிடுங்கினாள். அவர் வேறு யாருடைய கையையோ பார்க்கிறவர்போலப் பார்த்தார்.

"எத்தினி நாளா?"

"ஏழு மாசம்."

"அன்னிக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சுபோச்சுன்னுதானே வேணாம்னு சொன்னீங்க?"

"ஆமாம்."

"அந்தப் பதினோரு பொம்பளைங்களுக்கும் நான் என்னா சொல்றது? கீழ போனவ கலப்படக்காரியா திரும்பி வந்துட்டேன்னா?"

"மன்னிச்சுக்கோன்னு சொல்லணும். ஆனா சொன்னா அது வாயிலேருந்துதான் வரும். உள்ளே ஒண்ணும் இல்லை இப்போ. பொய் சொல்லலை."

செல்லக்கிளி பிடுங்கின முள்ளைத் தூர எறிந்தாள். "உள்ள இருக்கிறத வெச்சு நான் என்னா பண்ண? வாய்தானே அன்னிக்கு இல்லைன்னுச்சு. அதே வாய் அங்கன வந்து சொல்லட்டும். அதே எடம், அதே ஆளுங்க. சனிக்கெழமை மூட்டையோட வாரேன்."

சனிக்கிழமை கடையில் கூட்டம். கார்த்திகைச் சளிக்குத் திருச்சியே வரிசையில் நின்றது. பராசரன் சகாயநாதனைத் தனியே அழைத்து விஷயத்தைச் சொன்னார். சகாயநாதன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மெதுவாப் பேசுங்க சார். அந்தம்மா மூட்டையை நான் பின்வாசல் வழியா எடுத்துக்கிறேன். கதை முடிஞ்சுது. விரல் போனா போவுது, பேர் இருக்குல்ல? நீங்க பாட்டுக்கு உக்காந்து கண்ணை மூடிக்கிட்டு இருங்க, மத்ததை நான் பாத்துக்கிறேன்."

அது ரொம்ப சௌகரியமான ஏற்பாடு. பராசரனுக்கு அதை மறுக்கத் தோன்றவில்லை, ஏற்கவும் தோன்றவில்லை. வாசலில் செல்லக்கிளி மூன்று மூட்டையோடு நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல உணர்ச்சி ஏதாவது வந்து உந்தித் தள்ளும் என்று காத்திருந்தால் அவளுடைய மூன்று மணி பஸ் போய்விடும் என்று கணக்கு மட்டும் வந்தது.

நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"எல்லாரும் கேட்டுக்கோங்கோ. செவ்வாக்கிழமை நான் இந்த அம்மாவோட சரக்கை வேண்டாம்னேன். அது அசல் விஷ்ணுகிராந்தி. மலைக்குப் போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றேன். என் விரலுக்கு ஏழு மாசமா ஒண்ணும் தெரியாது. இவங்க கண்டுபிடிச்சுட்டாங்கங்கிறதுக்காகத்தான் இல்லைன்னேன். அன்னிக்கு சரின்னு எடுத்த பாக்கெட் சரக்குதான் தப்பு. புல்தரைச் செடி."

பாலக்கரையில் சத்தம் நின்ற நாள் என்று ஒன்று உண்டென்றால் அன்றைக்குத்தான். ஆட்டோக்கள்கூட ஹாரனை விழுங்கிக்கொண்டன. எதிர்க் கடைக்காரர் படியிறங்கி வந்து, செல்லக்கிளியிடம், "ஒரு மூட்டை எனக்கு வேணும்மா" என்றார்.

"மொதல்ல இங்க" என்றாள் அவள். "நாளைக்கி நாலு கடைக்கு வேணும்னாலும் வரேன். இன்னிக்கி மூட்டை இந்தப் படி வழியாத்தான் உள்ள போகணும்."

மூட்டைகள் முன்வாசல் வழியாக உள்ளே போயின. அவள் கும்பிடவில்லை, சிரிக்கவில்லை. பின்னாலேயே நடந்து போய், இறக்கிவைத்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்தாள்.

சகாயநாதன் இன்னும் அதே இடத்தில் நின்றிருந்தார். "ஏழு மாசம்னீங்களே சார். உள்ள அறுபது மூட்டை இருக்கு. எல்லாம் நீங்க சரின்னது."

"தெரியும். ஒண்ணொண்ணா பிரி. பார்க்கணும்."

தரையில் பழைய தினசரியை விரித்து உட்கார்ந்தார். முதல் மூட்டையிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பரப்பினார். முதல்முறையாக அந்தக் கடையில் கண் இரண்டையும் திறந்துவைத்துக்கொண்டு, லென்ஸில் குனிந்தார். வரிசையில் நின்றவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். இரண்டு பேர் வாங்கின மருந்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

"பேரு போச்சு, இத்தனை வருஷ மரியாதை போச்சு" என்றார் சகாயநாதன். "உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா சார்?"

பராசரன் நிமிர்ந்து, யோக்கியமாக, ஒரு நிமிஷம் யோசித்தார்.

"தோணலை" என்றார். "இது ஆடாதோடை, சரி. அடுத்ததைப் பிரி."