மணமாகாதவர்

ஆளே போய்ச் சேர்ந்த பிறகு யார் சட்டையைப் பிடித்துக் கேட்பது? சிங்கப்பூர் ஜாலான் புசாரில் ஹார்ட்வேர் கடை நடத்தும் ரஞ்சிதத்துக்கு ஐந்து மாதமாக இதே கவலை. கான்ட்ராக்டர் ஞானசேகரன், குழாயும் சிமெண்டுமாக அறுபத்திரண்டாயிரம் வெள்ளிக்குக் கடனில் எடுத்துவிட்டு, உயில்கூட எழுதாமல் மாரடைப்பில் போய்விட்டார். அவர் பணம் வங்கியில் முடங்கிக் கிடந்தது. அது வராவிட்டால் ரஞ்சிதம் கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

“சொத்தை நிர்வகிக்க வைஃப் மனுப் போடலைன்னா, கடன் குடுத்தவங்க போடலாம் ஆன்ட்டி. ஆனா முதல் உரிமை அவங்களுக்குத்தான். விட்டுக்குடுக்கிறேன்னு சைன் வாங்கிட்டு வாங்க” என்றாள் வழக்கறிஞர் அலுவலகத்துப் பவித்ரா.

அந்தத் தாளோடு ரஞ்சிதம் மார்சிலிங்கில் இருந்த ஞானசேகரன் வீட்டுக்குப் போனார். ஞானசேகரனின் மனைவி பாக்கியலட்சுமி தாளைத் தொடவே இல்லை.

“அவரு பொண்டாட்டிங்கிற உரிமைய நானே எழுதிக் குடுக்கணுமா அண்ணி? எங்கிட்ட மிச்சம் அது ஒண்ணுதான்.”

“ஐயோ, இது அந்த உரிமை இல்லம்மா, வெறும் கோர்ட் பேப்பர் லா!”

ரஞ்சிதம் தலைகீழாக நின்று பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

சரி, நீதிமன்றம் மூலமே பாக்கியலட்சுமிக்கு நோட்டீஸ் அனுப்பலாம் என்று பவித்ரா திருமணச் சான்றிதழைத் தேடினாள். இங்கேயும் இல்லை, கல்யாணம் நடந்த மலேசியாவின் ஜொகூரிலும் இல்லை.

“ஆன்ட்டி, அவங்க ரிஜிஸ்டரே பண்ணலை. சட்டப்படி அவங்க வைஃபே இல்ல. நமக்கு அவங்க சைனே வேணாம்!”

பத்தொன்பது வருடத்துக்கு முன் ஜொகூர் கோயிலில் நடந்த கல்யாணம் அது. மாப்பிள்ளைக்கு அக்கா தங்கை இல்லையென்று, நாத்தனார் முடிச்சைப் போட்டதே ரஞ்சிதம்தான். அன்றிலிருந்துதான் பாக்கியலட்சுமிக்கு அவர் ‘அண்ணி’. பதிவு பற்றி யாரோ கேட்டபோது, “தாலி ஏறியாச்சு, காகிதம் அடுத்த மாசம் பாத்துக்கலாம் லா” என்று சிரித்த வாயும் இதே வாய்தான். பாழாய்ப்போன வாய்!

அடுத்த உரிமைக்காரர், ஆங் மோ கியோவிலிருந்த ஞானசேகரனின் அண்ணன் முத்தையா, மறுநாளே விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். ஏன் போட மாட்டார்? கடன் போக மிச்சமெல்லாம் இனி அவருக்குத்தானே.

சத்தியம் செய்ய வேண்டிய வாக்குமூலத்தைப் பவித்ரா தமிழில் சொன்னாள்.

“இறந்தவர் மணமாகாதவர். மனைவி, மக்கள் இல்லை. நானறிந்தவரை இது உண்மை.”

“வேற மாதிரி எழுத முடியாதாம்மா?”

“எழுதினா கோர்ட்ல திருப்பி அனுப்பிடுவாங்க ஆன்ட்டி.”

பொய் ஒன்றுமில்லையே, சட்டம் சொல்வதுதானே என்று ரஞ்சிதம் தன்னையே அதட்டிக்கொண்டார். கடை வாடகையை நினைத்துக்கொண்டார். பிறகு சத்தியம் செய்து கையெழுத்திட்டார்.

கட்டடத்தை விட்டு வெளியே வந்ததும் பாக்கியலட்சுமியிடமிருந்து போன்.

“அண்ணி, இத்தனை நாளா யோசிச்சேன். அவரு கடனாளியாப் போகக் கூடாது. பொண்டாட்டி நான்தானே தீத்து வைக்கணும்? எங்க வந்து கையெழுத்துப் போடணும், சொல்லுங்க.”

ரஞ்சிதம் வந்த கட்டடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“வேணாம்மா. உன் கையெழுத்து இல்லாமலே முடிஞ்சிருச்சு.”

“என் மனசு நோகக் கூடாதுன்னு நீங்களே வேற வழி பாத்துட்டீங்களா? கூடப் பொறந்தவங்ககூட இப்படிச் செய்ய மாட்டாங்க. நீங்க நல்லா இருக்கணும் அண்ணி.”

ரஞ்சிதம், “ம்” என்றார்.