கொக்குக்குப் போட்ட சிக்னல்

சேற்று உழவில் டிராக்டரைத் திருப்பும்போதுகூட இண்டிகேட்டர் போடுகிற ஆள் அந்தத் தாலுகாவிலேயே குந்தவை ஒருத்திதான். வயலில் பின்னால் வருவது பஸ்ஸா, லாரியா? புழு பொறுக்க வரும் கொக்குதான். "கொக்குக்கு சிக்னல் போடுறா பாரு" என்று முதலில் சிரித்தவர் கோவிந்தராசு. அவரிடமும் டிராக்டர் உண்டு. குந்தவை வண்டி வாங்கியபிறகு அவருக்கு வரும் உழவில் பாதி அவளிடம் போய்விட்டது. டீக்கடை, உரக்கடை, எங்கே நின்றாலும் அவர் வாயில் கொக்குக் கதைதான். வயலில் பழகிய கைதான் ரோட்டில் தானாகப் போகும் என்பது குந்தவையின் கட்சி.

குறுவை உழவு மும்முரமாக நடந்த ஒரு காலையில், திருக்கடையூர் பக்கம் நாலுவழிச் சாலையில் போய்க்கொண்டிருந்தாள். வலப்பக்கத்து வயலுக்குத் திரும்ப வேண்டும். கண்ணாடியைப் பார்த்தாள், வலது இண்டிகேட்டரைப் போட்டாள், கொஞ்ச தூரம் போனபிறகே வலது தடத்துக்கு மாறினாள். பின்னால் பறந்து வந்த கார் மட்கார்டில் இடித்து, விளக்கைத் தூள்தூளாக்கிவிட்டு நின்றது.

காரிலிருந்து பட்டு வேட்டிக்காரர் ஒருவர் இறங்கினார். கோயிலில் அறுபதாம் கல்யாணமாம், முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டதாம். நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. அடிபட்டது அவருடைய பம்பரும் கௌரவமும்தான்.

"சிக்னலே போடாம குறுக்க வந்துட்டா சார்" என்றார், வந்து சேர்ந்த எஸ்.ஐ.யிடம்.

"போட்டேன் சார். ஸ்விட்ச் இன்னும் அந்தப் பக்கந்தான் இருக்கு, பாருங்க."

"இடிச்சப்புறம் தட்டிவிட்டிருப்பா" என்றார் பட்டு வேட்டி.

குந்தவை மனதுக்குள் கணக்குப் போட்டாள். கேஸ் என்றால் உழவு முடியும்வரை வண்டி ஸ்டேஷனில் நிற்கும். அப்புறம் ரோட்டில் இடி வாங்கியவள் என்ற பேரோடு யார் வயலில் இறங்குவது? அந்த நேரம் பார்த்துக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார் கோவிந்தராசு, கையில் பைக் சாவியோடு. முடிந்தது கதை என்று நினைத்துக்கொண்டாள்.

"நான் பின்னாடிதான் சார் வந்தேன். சிக்னல் போட்டுச்சு."

"இந்தம்மாவுக்கு நீங்க சொந்தமா?"

"சொந்தமா? என் பொழப்புல மண்ணள்ளிப் போட்ட பொண்ணு சார் இது. சேத்துல கொக்குக்கெல்லாம் சிக்னல் போடும். ரெண்டு வருஷமா அதைச் சொல்லித்தான் சிரிக்கிறேன். இன்னிக்கும் லைட்டு மினுக்கு மினுக்குன்னு எரிஞ்சுச்சா, இந்தா ஆரம்பிச்சுட்டான்னு தனியா சிரிச்சுக்கிட்டே வந்தேன். எரியலைன்னா நான் எதுக்குங்க சிரிக்கப்போறேன்?"

எஸ்.ஐ.க்கே சிரிப்பு வந்துவிட்டது. பட்டு வேட்டியிடம், "முகூர்த்தம் முடிச்சுட்டு ஸ்டேஷனுக்கு வாங்க" என்றார். குந்தவையைப் பார்த்து, "நீ போய் உழவைப் பாரும்மா" என்றார்.

குந்தவைக்குக் கண் கலங்கியது. ஆனால் தலை நிமிர்ந்தே இருந்தது.

"லைட்டு போச்சே, இப்ப எப்படித் திரும்புவ?" என்றார் கோவிந்தராசு, வீம்பு குறையாமல்.

"கை இருக்கே மாமா."

ஏறி உட்கார்ந்து வலது கையை முழுக்க நீட்டினாள். பஸ் நின்றது, பின்னால் வந்த லாரியும் நின்றது. அவசரப்படாமல் திரும்பி வயலில் இறங்கினாள்.

முதல் சால் முடிந்து வரப்போரம் வந்ததும் கண்ணாடியைப் பார்த்தாள். பின்னால் ஏழெட்டுக் கொக்குகள். சாலையோரம் இன்னும் கோவிந்தராசு நின்றிருந்தார். அவர் நன்றாகப் பார்க்கட்டும் என்று, கொக்குகளுக்கும் கையை நீட்டிவிட்டே வண்டியைத் திருப்பினாள்.