பின்சீட்டுக் கனம்

“முதல்ல வண்டியைக் கீழ படுக்கப் போடுங்க,” என்று அண்ணன் சொன்னதும் விற்க வந்தவரின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். பாவம், காலையில்தான் கழுவித் துடைத்து, சீட்டில் ஒரு தூசி இல்லாமல் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். “எதுக்குங்க படுக்கப் போடணும்?” என்றார். “விழுந்தா எங்க வீட்டு மூட்டை தனியாத் தூக்குவாளான்னு பாக்கணும்ல?” என்றான் அண்ணன். மூட்டை என்றால் நான்தான். வயது நாற்பத்து நாலு. கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டி ஃபிரேமில் பொருத்துகிற வேலை. மகள் கல்லூரி ஹாஸ்டலில் இருக்கிறாள். என்ன இருந்து என்ன, அண்ணன் வாயில் இன்றுவரைக்கும் மூட்டைதான். அந்த மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வண்டியைப் பார்த்தார். “வேற இடம் பாருங்க,” என்று சொல்லிவிட்டுக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

இப்படி எத்தனை பேரை விரட்டினோம் என்று கணக்கே இல்லை. நான் கேட்டது பெரிய விஷயமும் இல்லை. சின்னதாக, கனமில்லாமல், மண்பாதையிலும் கல்பாதையிலும் போகிற மாதிரி ஒரு பைக். என் கையிருப்பை அண்ணனிடம் போனில் சொன்னேன். “அதுக்கு நல்ல சைக்கிள் ஒண்ணு கிடைக்கும், பெல்லோட,” என்றான். சொன்னானே தவிர அடுத்த நாளே வேலை முடிந்து நேராக என் கடைக்கு வந்து நின்றான். நான் ஒரு பெரியவருக்குக் கண்ணாடி மாட்டிவிட்டு, “இது நல்லாத் தெரியுதா, அது நல்லாத் தெரியுதா?” என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பெரியவர் போனதும் அண்ணன் அதே குரலில் ஆரம்பித்தான். “சீட்டு உயரம் வேணுமா, கால் எட்டணுமா? வேகம் வேணுமா, இழுவை வேணுமா?” சிரித்தேன். அவன் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அது அணைந்துவிடக் கூடாதே என்றுதான் பார்த்த முதல் வண்டியையே வாங்காமல் இருந்தேன் என்று நினைக்கிறேன்.

எங்கள் அப்பாவிடம் ஒரு பழைய பைக் இருந்தது. காலையில் கிளப்பினால் தெருவே எழுந்துவிடுகிற மாதிரி இருமும். அதனால் அதற்குப் பெயரே இருமல். ஞாயிற்றுக்கிழமை அப்பா சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்ததும் இருமலைத் தெருமுனை வரை சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு போவோம். அங்கே அண்ணன் உதைத்துக் கிளப்புவான், நான் பின்னால் ஏறிக்கொள்வேன். ஊருக்கு வெளியே கைவிட்ட கல்குவாரி ஒன்று உண்டு. அதன் பின்பக்கமாக லாரிகள் போய்த் தேய்ந்த ஒரு பாதை மேலே ஏறும். சரளைக்கல், நடுவில் மணல், மழை அறுத்துப்போட்ட பள்ளங்கள். உச்சியில், பாறை வெட்டிய பெரிய குழியில், பச்சையாகத் தண்ணீர் தேங்கி நிற்கும். அதைப் பார்ப்பதற்கென்றுதான் போவோம். பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவோம், அவ்வளவுதான். ஆனால் வாரம் முழுக்க அந்த அவ்வளவுதானுக்காகவே உயிர் வாழ்ந்தேன்.

முதல் தடவை நான் பயத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து இரண்டு பேரும் மணலில் விழுந்தோம். அப்போது அண்ணன் சொன்ன பாடம்தான் என் பெயராகிவிட்டது. “பின்னாடி உக்காந்தா அரிசி மூட்டை மாதிரி உக்காரணும். மூட்டை தானாச் சாயுமா? வண்டி சாஞ்சா அதுவும் சாயும்.” இருமல் போடுகிற சத்தத்தில் பேச்சு கேட்காது என்பதால் தோளில் தட்டுகிற ஏற்பாடு செய்துகொண்டோம். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் போ. நான் எப்போதும் இரண்டுதான் தட்டுவேன். உச்சிக்குப் போனதும் வழியில் பார்த்ததையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்வேன். வளைவில் நிற்கிற ஒற்றை மரத்தில் பருந்துக் கூடு இருந்ததே, கீழே நம் பள்ளிக்கூடக் கூரை தீப்பெட்டி மாதிரி தெரிந்ததே என்று. அண்ணன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “எங்க? எந்த மரம்? நான் ஒண்ணும் பாக்கலையே,” என்பான். ஓட்டுகிறவனுக்குக் கல்லைத் தவிர வேறென்ன தெரியும்?

பிறகு இருமல் செத்தது. அப்பாவும் போனார். எனக்குக் கல்யாணமானது. அண்ணன் அச்சகத்தில் சேர்ந்து, சொந்தமாக வண்டி வாங்கி, காடு மேடெல்லாம் சுற்றினான். இரண்டு வருடத்துக்கு முன்னால் அச்சகத்தில் காகிதம் வெட்டும் மெஷின் அவனுடைய இடது கையைப் பிடித்துவிட்டது. விரல்கள் தப்பின. ஆனால் நடு மூன்றும் அன்றிலிருந்து மடங்குவதில்லை. கிளட்ச் பிடிக்கிற கை அது. ஸ்கூட்டர் வாங்கிக்கொள்ளேன் என்றதற்கு, “அதுலயும் இடது கைக்கு பிரேக் இருக்கு, தெரியுமா?” என்றான். வண்டியை விற்றான். வெட்டும் மெஷினை விட்டு முன்னறைக்கு மாறி, கல்யாணப் பத்திரிகைகளுக்குப் பிழை பார்க்க உட்கார்ந்தான். எங்கே போவதானாலும் பஸ்தான். நண்பர்கள் வண்டியை நிறுத்தி ஏறச் சொன்னால், வயிறு சரியில்லை, நடக்கணும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லித் தட்டிக்கழிப்பான். யார் பின்னாலும் அவன் உட்காரவில்லை.

அவனை மறுபடி அந்தக் குவாரித் தண்ணீருக்குக் கூட்டிப் போக வேண்டும். நான் வண்டி தேடியதற்கு ஒரே காரணம் அதுதான். வீட்டுக்காரர் வண்டியில் மைதானத்தில் பழகி, லைசென்ஸும் வாங்கியிருந்தேன். (“வாங்கு, தாராளமா வாங்கு. என்னை மட்டும் ஏறச் சொல்லாத,” என்றார் அவர்.) ஆனால் விஷயத்தை அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே வயிறு சரியில்லாமல் போய்விடும்.

கடைசியில் அந்த வண்டி கிடைத்தது. ஊர்க்கோடியில் ஒரு மெக்கானிக்கின் தகரக் கொட்டகை. உள்ளே போனதும் அண்ணன் வலது உள்ளங்கையை எஞ்சின் மேல் வைத்துப் பார்த்தான். சில்லென்று இருந்தது. முன்னாலேயே ஓட்டிச் சூடாக்கி வைத்து ஏமாற்றவில்லை என்பதில் அவனுக்குத் திருப்தி. ஒரே உதையில் கிளம்பியது. முன்சக்கரம் பெரியது, டயரில் கட்டை கட்டையாகப் பற்கள், அடிவயிறு தரையிலிருந்து நன்றாக மேலே. ஆனாலும் என் இரண்டு காலும் ஊன்றியது. மெக்கானிக் முணுமுணுக்காமல் படுக்கப் போட்டார். நான் முதுகைக் கொடுத்து, ஹேண்டிலைப் பிடித்து, ஒரே மூச்சில் நிமிர்த்தினேன். விலையும் என் கைக்கு அடக்கம். எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு பிடித்துப்போயிற்று. “இதாண்டி உன் வண்டி,” என்றான் அண்ணன். ஒரு சுற்று போய்வந்து நிறுத்தினேன். அவன் இதில் எப்படி ஏறுவான், காலை எங்கே வைப்பான் என்று பார்க்கத் திரும்பினேன். என் முதுகுக்குப் பின்னால் சீட்டே இல்லை. ஒரு சாண் மட்கார்டும் நம்பர் பிளேட்டும்தான். கால் வைக்கக் கட்டையும் இல்லை. உயரம், எடை, டயர், செயின் என்று இத்தனை நாள் பேசியிருக்கிறோம், ஒருவர் வாயிலும் இந்தப் பேச்சு வரவில்லை. அவனையாவது விடுங்கள். பின்சீட்டிலேயே வளர்ந்த நான், வண்டியில் பின்சீட் என்று ஒன்று வேண்டுமே என்பதை மறந்திருக்கிறேன்!

“இது வேணாம்ணே.”

“ஏன், என்ன குறை?”

“இதுல பின்னாடி உக்கார முடியாது.”

“உனக்கு எதுக்குப் பின்சீட்டு? உன் வீட்டுக்காரர்தான் ஏற மாட்டேன்னுட்டாரே.”

நான் சுற்றிலும் பார்த்தேன். கொட்டகை மூலையில் இன்னொரு வண்டி நின்றது. ஆபீசுக்குப் போகிறவர்கள் ஓட்டுகிற சாதாரணப் பழைய வண்டி. நீளமான சீட்டு, பின்னால் ஒரு கேரியர். “அதுக்கு இந்த மாதிரிப் பல் டயர் போட முடியுமா?” என்று மெக்கானிக்கைக் கேட்டேன். போடலாம், முன் ஃபோர்க்கையும் கொஞ்சம் சரிபண்ணித் தரலாம் என்றார். அண்ணன் முகம் கறுத்துவிட்டது. “பால்காரன் வண்டிடி அது. கல்லுல ஏத்துனா அடி வாங்கும். கண்ணு முன்னாடி தங்கம் மாதிரி ஒண்ணு நிக்குது, உனக்குப் பித்தளை கேக்குதா?” என்றான். “எனக்கு அதுதான் வேணும்,” என்றேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். இடது கையைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டு விறுவிறுவென்று பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்துவிட்டான்.

அன்று மாலை அண்ணி போன் செய்தாள். “என்ன நாத்தனாரே, வண்டி வாங்கப் போய்ச் சண்டை வாங்கிட்டு வந்தீங்களா? ஒரு வாய் சாப்பிடல உங்க அண்ணன்.” நடந்ததைச் சொன்னேன். சீட்டைக் கவனிக்காமல் விட்டுவிட்டோம் என்றேன். “கவனிக்கலையா? யாரு, அவரா? அந்த வண்டி போட்டோவைப் போன வாரமே எங்கிட்ட காட்டினாரு. ‘ஒத்தை ஆளு வண்டி, யாரையும் ஏறுன்னு கூப்பிட முடியாது’ன்னு ரொம்ப நிம்மதியாச் சொன்னாரு. எனக்கு அப்பப் புரியல.” எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. நான் எதற்காகத் தேடுகிறேன் என்று அவனுக்கு முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் அத்தனை அக்கறையாகத் தேடியிருக்கிறான், தனக்கு இடமில்லாத ஒன்றை. போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்று கொஞ்சம் அழுதேன். கோபமும்தான் வந்தது. யாருக்குத் தெரியும், அவன் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேனோ என்னவோ.

பால்காரன் வண்டியையே வாங்கினேன். அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டான். கல்லுளிமங்கன், ஆரம்பித்தால் லேசில் விடமாட்டான். நானும் கூப்பிடவில்லை. அண்ணியிடம் மட்டும் ஒரு வார்த்தை சொன்னேன். “ஞாயித்துக்கிழமை நான் தனியாக் குவாரிக்குப் போறேன் அண்ணி. விழுந்தா விழறேன்.”

விழத்தான் செய்தேன். பாதை மேலே திரும்புகிற முதல் ஏற்றத்திலேயே பின்சக்கரம் சரளையில் சர்ரென்று சுற்றியது. வண்டி நகரவில்லை, பக்கவாட்டில் சரிந்தது. தூக்கி நிறுத்தி மறுபடி முயன்றேன். மறுபடியும் அதே சர்ர். மூன்றாவது தடவை மணலில் உட்கார்ந்து, “சனியன் பிடிச்ச பாதை!” என்று கத்தினேன்.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.”

அண்ணன்! பஸ் ஸ்டாப்பிலிருந்து அவ்வளவு தூரம் நடந்து வந்திருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வலது கையில் ஒரு துணிப்பை. எனக்கு அடிபட்டதா என்று கேட்கவில்லை. வண்டியைச் சுற்றி வந்தான். குனிந்து டயரை அமுக்கினான், செயினைத் தொட்டான். “காத்து ஜாஸ்தி. குறைச்சிருக்கணும்,” என்றபடி வால்வை அழுத்திக் கொஞ்சம் இறக்கினான். “இப்ப ஏத்து.” ஏற்றினேன். முன்னைவிடக் கொஞ்சம் மேலே போய் மறுபடி சுற்றியது. அவன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான். ஏற்றத்தைப் பார்த்தான், பின்சக்கரத்தைப் பார்த்தான். வெறும் சீட்டை ரொம்ப நேரம் பார்த்தான்.

“பின்னாடி கனம் இல்ல,” என்றான் கடைசியில். “அதான் பிடிப்பு இல்லாம சுத்துது. ஒரு மூட்டை வேணும்.”

நான் ஹேண்டிலை இறுகப் பிடித்துக்கொண்டேன். ஒரு சொல் சொன்னாலும் காரியம் கெட்டுப்போகும் என்று தெரியும். துணிப்பைக்குள்ளிருந்து தன் பழைய ஹெல்மெட்டை எடுத்தான். “உங்க அண்ணி திணிச்சு விட்டா,” என்று யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னான். ஒற்றைக் கையால் பட்டையை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறினான். வண்டி ஓர் அங்குலம் தாழ்ந்தது.

“தானாச் சாயாதே,” என்றேன்.

“எனக்கே சொல்றியா! ஓட்டுடி.”

சக்கரம் கல்லைக் கடித்தது. ஏறினோம். அவன் வலது கையால் கேரியரைப் பிடித்திருந்தான். இடது கை முதலில் காற்றில் தவித்தது. அடுத்த குலுக்கலில் என் தோளில் வந்து விழுந்தது. மடங்காத விரல்கள் மரக்கரண்டி மாதிரி அழுத்தின. கியரை மாத்து, இடது பக்கம் போ, பிரேக்கைத் தொடாதே என்று காதுக்குள் ஓயாமல் திட்டிக்கொண்டே வந்தான். மூட்டை பேசுமா என்று கேட்கலாம்தான், கல்லையும் பள்ளத்தையும் விட்டு நினைப்பை எடுத்தால் இருவரும் மணலில்தான். பாதி தூரம் போனதும் திட்டு நின்றுவிட்டது. பயமாக இருந்தது. கோபித்துக்கொண்டானா, வலிக்கிறதா, ஒன்றும் தெரியவில்லை. வளைவு வந்தது. அதற்கப்புறம் ஒரே ஒரு ஏற்றம், பிறகு தண்ணீர்தான்.

தோளில் ஒரு தட்டு விழுந்தது.

ஒன்றுதான். இரண்டாவதற்காகக் காத்துப் பார்த்துவிட்டு நிறுத்தினேன், காலை ஊன்றினேன். இவ்வளவு தூரம் வந்தும் இறங்கப் போகிறான் என்று நினைத்தேன். “என்னண்ணே?” என்றேன் திரும்பாமலே.

“அந்த ஒத்தை மரம்,” என்றான். “கூடு இருக்கு மூட்டை. பெருசா இருக்கு. குஞ்சு ஒண்ணு எட்டிப் பாக்குது.”

“எங்க? நான் பாக்கலையே.”

இடது கை என் தோளை விட்டு எழுந்தது. என் காதை உரசிக்கொண்டு, நேராக நின்ற மூன்று விரல்களும் பாறைக்கு மேலே, கிளைகள் பிரிகிற இடத்தை நோக்கி நீண்டன. அந்த விரல் நுனிகளின் வழியே பார்த்தேன். கீழே எஞ்சின் லேசாக இருமிக்கொண்டிருந்தது. அவன் அவசரமில்லாமல் கையை இறக்கித் தோளில் வைத்தான். நான் கிளட்ச்சைப் பிடித்தபடி காத்திருந்தேன்.