பெற்றோரின் விருப்பப்படி

ஒடாஹுஹு என்ற புறநகரில் அந்தச் சார்ட்டர் பள்ளி தொடங்கிய வருடமே அன்ரனீற்றா தன் மகள் ஜனுஷாவை அதில் சேர்த்தாள். பணம் அரசாங்கத்துடையது, நடத்துவது ஒரு தனியார் அமைப்பு. வகுப்புக்குப் பதினைந்து பிள்ளைகள்தான் என்றார்கள். மன்னாரிலிருந்து வந்து முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் அவளுக்கு அது ஒன்றே போதுமாயிருந்தது. பழைய பள்ளியில் வாயே திறக்காத ஜனுஷா, இங்கே மூன்றாம் மாதத்தில் ஐம்பது பேர் முன்னால் நின்று எரிமலையைப் பற்றிப் பேசினாள்.

குளிர்காலத்தில் அவளுக்கு ஆஸ்துமா கூடிவிட்டது. வாடகை வீட்டுச் சுவரெல்லாம் ஈரம். ஒரே தவணையில் பதினேழு நாள் பள்ளிக்குப் போகவில்லை. எல்லா நாளுக்கும் டொக்டரின் கடிதம் இருந்தது.

பள்ளி அலுவலகத்தில் வரவுப் பதிவைப் பார்த்துக்கொண்டிருந்தவள் பூங்கோதை, மதுரைக்காரி. அவள்தான் ஃபோன் செய்தாள்.

“அக்கா, பிரின்சிபல் உங்ககிட்டப் பேசணுமாம். வந்துட்டுப் போறீங்களா?”

பிரின்சிபல் சிரித்த முகத்தோடு, இந்தப் பள்ளி ஜனுஷாவின் உடம்புக்குப் பொருந்தவில்லைபோல் இருக்கிறது என்றார். மேசையில் ஒரு தாள் தயாராக இருந்தது. அன்ரனீற்றா பக்கத்தில் நின்ற பூங்கோதையைப் பார்த்தாள்.

“நாங்கள் என்ன பிழை விட்டனாங்கள்?”

“பிழை ஒண்ணும் இல்லக்கா. எத்தனை பிள்ளைங்க ஒழுங்கா வர்றாங்கன்னு அரசாங்கம் பார்க்குது. அதை வெச்சுத்தான் ஸ்கூலோட ஒப்பந்தமே. உடம்பு சரியில்லாம லீவு போட்டாலும் வரலைன்னுதான் விழும். நீங்களே விலகிட்டா பாப்பா ரெக்கார்டு சுத்தமா இருக்கும்.”

தமிழில் சொன்னதால் நம்பினாள். கையெழுத்து வைத்தாள்.

ஜனுஷா பழைய பள்ளிக்கே திரும்பினாள். முப்பத்தொரு பிள்ளைகளின் வகுப்பு. கடைசி வரிசை. மறுபடியும் வாய் மூடிக்கொண்டது.

இரண்டு மாதம் கழித்து, கூட வேலை செய்பவள் சொல்லி, அன்ரனீற்றா இலவசச் சட்ட உதவி நிலையத்துக்குப் போனாள். அங்கிருந்த வழக்கறிஞர் தாளை இரண்டு தரம் வாசித்தார்.

“சார்ட்டர் பள்ளி என்றாலும் நினைத்தபடி பிள்ளையை வெளியே அனுப்பச் சட்டம் விடாது. நோய் ஒரு காரணமே இல்லை. ஆனால் அவர்கள் அனுப்பவில்லையே. பெற்றோரின் விருப்பப்படி விலகியது என்று நீங்கள்தான் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்.”

பழைய பள்ளியென்றால் பெற்றோர் வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்த சபையில் போய்க் கேட்கலாம். இங்கே அப்படி ஒரு சபை இல்லை. நடத்தும் அமைப்புக்குக் கடிதம் எழுதினாள். உங்கள் முடிவை மதிக்கிறோம் என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

ஒரு சனிக்கிழமை, ரயில் நிலையப் படிக்கட்டில் பூங்கோதை எதிரே வந்தாள். விலகப் பார்த்தவளை அன்ரனீற்றா மறித்தாள்.

“சட்டப்படி அவையள் அவளைப் பள்ளிக்கூடத்தாலை கலைக்கேலாது எண்டு உமக்கு அண்டைக்கே தெரியும், என்ன?”

பூங்கோதை கீழே பார்த்தாள். “ஆமாக்கா. என் விசா அவங்க கையில இருக்கு.”

“எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா நீங்க கையெழுத்துப் போட்டிருக்க மாட்டீங்க.”

அன்ரனீற்றாவுக்கு அவளை அறைய வேண்டும்போல் இருந்தது. கை எழவில்லை. அந்த இடத்தில் தான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்ற கேள்வி வந்து தொலைத்தது. வழியை விட்டாள்.

அன்று சாப்பிடும்போது ஜனுஷா ஆங்கிலத்தில் கேட்டாள், அந்தப் பள்ளி தன்னை ஏன் துரத்தியது என்று. இவ்வளவு நாளும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள்.

“அவையள் கலைக்கேல்லை, பிள்ளை. நான்தான் கையெழுத்து வைச்சனான்.”

ஜனுஷா கரண்டியை வைத்தாள். “என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்” என்று ஆங்கிலத்திலேயே சொல்லிவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சிறிது நேரத்தில் உள்ளே இருமல் தொடங்கியது. அன்ரனீற்றா இன்ஹேலரை எடுத்துக்கொண்டு போய்த் தட்டினாள். கதவு ஒரு கை நுழையும் அளவுக்குத் திறந்தது. மருந்தை வாங்கிக்கொண்டு மூடிக்கொண்டது.