மூன்றாம் அறிவித்தலுக்கு முதல் நாள்

"மகனுக்கோ பேர் குடுக்க வந்தனீங்கள்?" எண்டு கேட்டான் குத்துச்சண்டைப் போட்டிக்குப் பேர் பதியிற கிளாக்கர்.

"எனக்கு ஆம்பிளைப் பிள்ளை இல்லை. என்ரை பேரை எழுது. யாகப்பர், தலைமன்னார், வயசு நாற்பத்தாறு."

பேனையை வைச்சுப்போட்டு என்னை மேலும் கீழும் பார்த்தான். பார்க்கட்டும். அறுபத்தெட்டாம் ஆண்டு அது. நான் இறங்குதுறையிலை கப்பல் சாமான் ஏத்தி இறக்கிறவன். கலியாணத்துக்கு முதல் குத்துச்சண்டை அடிச்சனான். பிறகு பெண்சாதி, பிள்ளை, மூட்டை எண்டு காலம் போயிட்டுது. அந்த மாசம் கங்காணி என்னை மூட்டையிலையிருந்து எடுத்துக் கேற்று வாசலிலை காவலுக்கு இருத்தினான். "அண்ணை, இனி நீங்கள் நிழலிலை இருங்கோ" எண்டான். நல்ல மனசோடை சொன்னவன்தான். அதுதான் எனக்கு விசரைக் கிளப்பினது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பன், இரக்கப்படுறவனை என்ன செய்யிறது?

போட்டி விதியிலை வயசெல்லை இல்லை, டொக்டரின்ரை கடுதாசி இருந்தால் காணும். டொக்டர் நெஞ்சிலை குழாயை வைச்சுக் கேட்டார். "இருதயம் நல்லா இருக்கு. மூளையைப் பற்றி நான் ஒண்டும் எழுதேல்லை" எண்டு சொல்லிக் கையெழுத்து வைச்சார்.

வெல்லவேணும் எண்டு நான் போகேல்லை. ஒருத்தன் என்னை ஆளா மதிச்சு அடிக்கவேணும், நான் தாங்கித் திருப்பி அடிக்கவேணும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சீட்டுக் குலுக்கினாங்கள். எனக்கு எதிரை விழுந்தது ஆர் எண்டு நினைக்கிறியள்? தாழ்வுபாட்டு வலன்ரைன்! என்ரை மகள் அன்ரோனெற்றுக்குப் பேசி முடிச்ச மாப்பிள்ளை. கலியாணம் அடுத்த புதன்கிழமை. ரெண்டு ஞாயிறு கோயிலிலை கலியாண அறிவித்தல் வாசிச்சாச்சு. போட்டி சனிக்கிழமை, மூண்டாம் அறிவித்தல் அடுத்த நாள் பூசையிலை. இந்தக் கலியாணத்துக்குத் தடை தெரிஞ்சவை சொல்லலாம் எண்டு சுவாமியார் கேக்கிறதும் அதோடை கடைசி.

என்ரை மனுசி றஞ்சிதம் தலையிலை கை வைச்சாள். "இஞ்சாருங்கோ, உங்களுக்கு முழு விசரோ? மாமனும் மருமகனும் ஊர் பார்க்க அடிபடுறதோ?" எண்டு ரெண்டு நாள் அழுதாள். மூண்டாம் நாள் அழுகை நிண்டிட்டுது. எனக்கு அப்பவே சந்தேகம் வந்திருக்கவேணும்.

சனிக்கிழமை பின்னேரம் பள்ளிக்கூட மைதானத்திலை மணி அடிச்சுது. நான் பாய்ஞ்சு போய் ரெண்டு குடுத்தன். வாங்கினான். இன்னும் மூண்டு குடுத்தன். அதையும் வாங்கினான். அவன்ரை கை என்னிலை பட்டது, குழந்தைக்குப் பவுடர் பூசிற மாதிரி. சனம் எனக்குக் கை தட்டுது. "அப்பிடிப் போடு அண்ணை!" எண்டு கத்துது. எனக்கெண்டால் உடம்பெல்லாம் கூசிச்சுது.

றவுண்ட் முடிஞ்சு இருக்கேக்கை பார்த்தன், முன் வரிசை வாங்கிலை றஞ்சிதம் சிரிச்சுக்கொண்டிருக்கிறாள். விளங்கிட்டுது.

ரெண்டாம் றவுண்டிலை அவனைக் கட்டிப்பிடிச்சுக் காதுக்கை கேட்டன். "டேய், மாமி என்ன சொன்னவ?"

"மாமா... அந்தோனியார் சுரூபத்திலை கை வைச்சுச் சத்தியம் வாங்கினவ. உங்களிலை ஒரு அடியும் படக்கூடாதாம்."

"அந்தோனியாரோடை நான் கதைக்கிறன். நீ அடி."

"ஏலாது மாமா."

"ஏலாதோ? அப்ப கேள். நாளைக்குச் சுவாமியார் அறிவித்தல் வாசிக்க, நான் எழும்பி நிண்டு தடை சொல்லுவன். என்ன தடை எண்டு கேட்டால், மாப்பிள்ளை பயந்தாங்கொள்ளி எண்டு சொல்லுவன். என்னை ஒரு மனுசனா மதிக்காதவனுக்கு என்ரை பிள்ளையைக் குடுக்க மாட்டன்!"

நடுவர் அப்துல் றசாக் மாஸ்ரர் எங்களைப் பிரிச்சுவிட்டார். வலன்ரைன்ரை கண் சிவந்துபோச்சு. "அடியுங்கோ!" எண்டு அன்ரோனெற் கத்தினாள். ஆருக்குச் சொன்னவள் எண்டு இண்டைக்கும் அவள் சொல்லேல்லை.

அடுத்தது எனக்குத் தெரிஞ்சது மேடைப் பலகைதான். இடக்கண் எரியுது, மாஸ்ரர் "மூண்டு... நாலு..." எண்டு எண்ணிறார். அம்மாடி, என்ன அடி! எனக்குச் சந்தோசம் பொறுக்கேல்லை. ஏழிலை எழும்பினன்.

"காணும் அண்ணை, நிப்பாட்டுவம்" எண்டார் மாஸ்ரர்.

"நிப்பாட்டினால் உங்களோடையும் அடிபடுவன்" எண்டன்.

மூண்டாம் றவுண்ட்தான் உண்மையான சண்டை. அவன் மூண்டு தந்தால் நான் ஒண்டு குடுத்தன். அந்த ஒண்டிலை அவன்ரை மூக்கும் உடைஞ்சுது. மூச்சு முட்டி, கால் சோர்ந்து, கடைசி மணி அடிக்கேக்கை நான் நிண்டுகொண்டிருந்தன். மாஸ்ரர் அவன்ரை கையைத் தூக்கினார். சரியான தீர்ப்பு.

றஞ்சிதம் வலன்ரைனைத் திட்டத் தொடங்கினாள். "அவனை ஒண்டும் சொல்லாதை. இண்டைக்குத்தான் அவன் எனக்கு மருமகன்" எண்டன். ஞாயிறு பூசையிலை சுவாமியார் அறிவித்தலை வாசிச்சுப்போட்டு, வீங்கின என்ரை கண்ணைக் கன நேரம் பார்த்தார். நான் தடை சொல்ல எழும்பேல்லை. திங்கக்கிழமை கேற்றுப் பக்கம் போகாமல் நேரை மூட்டைப் பக்கம் போனன். கங்காணி வழி விட்டான்.

புதன்கிழமை கோயில் வாசலிலை படம் எடுக்க மர்சூக் வந்து நிண்டான். பொம்பிளை, மாப்பிள்ளை, பக்கத்திலை நாங்கள். அவன் கமராவுக்குப் பின்னாலையிருந்து தலையை நீட்டினான்.

"ஐயா, கொஞ்சம் மற்றப் பக்கம் திரும்புங்கோ. அந்தக் கண் தெரியுது."

"தெரியட்டும் தம்பி. மாப்பிள்ளை அடிச்சது. கிட்ட வந்து எடு."