மழை நின்ற பிறகு கேட்ட பதில்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்குக் காலையில் எழும் சத்தம் மாலையில்தான் கேட்கும். மின்னலுக்குப் பின்னால் இடி வருவது எல்லோருக்கும் உள்ளதுதான். அவருக்குக் காக்கை, குழாய்த் தண்ணீர், அக்காவின் ஏச்சு எல்லாமே அப்படி. காதில் கோளாறு இல்லை என்றார் டாக்டர். கண் கொண்டுவரும் சேதியும் காது கொண்டுவரும் சேதியும் வெவ்வேறு நேரத்தில் போய்ச் சேருமாம்; முந்தி வந்ததைச் சற்று உட்காரவைத்து, இரண்டையும் சேர்த்தே மூளை உள்ளே விடுமாம். "உங்க மூளை கண்ணை உடனே விட்டுடுது, காதை மட்டும் வாசல்லயே உக்காரவச்சிடுது." மருந்து இல்லை. அவர் உதடுகளைப் படிக்கக் கற்றுக்கொண்டார். காலையில் கண்ணால் பார்த்துச் சிரித்த வேடிக்கைப் பேச்சுக்கு மாலையில் காதால் கேட்டு இன்னொரு முறை சிரிப்பார். தெருவுக்கு அது பழகிவிட்டது.

எதிர்க்கடைத் தையல்காரியை அவருக்குப் பிடித்திருந்தது. மழை கொட்டிய ஒரு காலையில் தெருவைத் தாண்டிப் போய், "என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?" என்று கேட்டேவிட்டார். கேட்ட நேரம் சரியில்லை. அவள் ஒரு சட்டைக் கையை மடித்துக் குத்திக்கொண்டிருந்தாள். வாயில் வரிசையாகக் குண்டூசிகள். பல்லைக் கடித்தபடியே ஏதோ சொன்னாள். உதடு அசையவில்லை. திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்க அவருக்குத் தைரியம் இல்லை; முடியாது என்று சொல்லியிருந்தால், அதை அவள் இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்குமே. தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினார். அன்று ஒருவருக்கு வேறொருவரின் கண்ணாடியைக் கொடுத்தனுப்பினார். வாங்கிப்போனவர் அதை மாட்டிக்கொண்டு, தன் வீடென்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றினார்.

மாலையில் வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. அவர் காதில் மழை தொடங்கியது. தையல் கடைத் தகரக் கூரையில் காலையில் விழுந்த அத்தனை மழையும். எட்டிப் பார்த்த அக்காவைப் பேசாதே என்று கையமர்த்தினார். அவள் பேசினாலும் நாளைக்குத்தான் கேட்கும் என்பது பதற்றத்தில் மறந்துபோயிற்று. கண்ணை இறுக மூடிக்கொண்டார். மூளை, உமியை ஊதித் தள்ளுவதுபோல் மழையை ஊதித் தள்ளியது. தகரத்தின் சடசடப்பு விலகியது. குடையில் சொட்டிய நீர் விலகியது. அவருடைய குரலே நடுங்கிக்கொண்டு வந்தது. அதன் பின்னால், ஊசிகளுக்கு நடுவே, அவள்.

"வாயில ஊசி இருக்கும்போதுதான் கேக்கணுமா? சரி. சாயங்காலம் காதுல விழுந்ததும் ஓடி வாங்க, கடையைச் சாத்தாம இருப்பேன்."

ஓடினார். அவள் கடையைச் சாத்தியிருக்கவில்லை. வாயில் ஊசியும் இல்லை.

கல்யாணமானவர்கள் சண்டை போடாமல் இருப்பார்களா? காலையில் திட்டுவாள். திட்டு வந்து சேரும் மாலையில் அவள் கோபம் ஆறியிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுப்பாள்.

"எதுவரைக்கும் வந்திருக்கு?"

"சோம்பேறிங்கிறது வரைக்கும்."

"இன்னும் ரெண்டு இருக்கு. பொறுத்துக்கங்க."

மகள் பிறந்ததும் ஒரு காலையில்தான். வாயை அகலத் திறந்து அவள் சத்தமில்லாமல் அழுததை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். மாலையில் குழந்தை நல்ல தூக்கம்; பார்க்க வந்தவர்களின் பேச்சில் அறை இரைந்தது. சட்டென்று அவர் முகம் மாறியது.

"அழறா," என்றார்.

தொட்டிலைப் பார்க்க எழுந்த நர்சை அக்கா கையைப் பிடித்து உட்காரவைத்தாள். குழந்தை அழுது முடிக்கும்வரை அறையில் யாரும் பேசவில்லை.